எதில் கை வைக்கக் கூடாது?

அன்பு மருமகளுக்கு,

பிளஸ் டூ முடித்த கையோடு சமுதாயக் கல்லூரியில் தரக் கட்டுப்பாடு படிக்கச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். “இன்ஜினீயரிங்கை விட்டு இது எதற்கு?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். தரத்துக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் விருதை 1998-ல் முதன்முதலாக வாங்கிய இந்தியத் தொழிற்சாலை நம் சென்னை பாடியில் இயங்கியதுதான் என்று சொல்லிவிட்டு, நீ பாடத்தைக் கவனி.

முதலில் அளக்கப் பழகு. மைக்ரோமீட்டரை எடுத்தால் காலிப்ரேஷன் ஸ்டிக்கரில் தேதி தாண்டிவிட்டதா என்று பார். திம்பிள் என்ற சுழல் உருளையை முறுக்கி இறுக்காதே. நுனியிலுள்ள ராட்செட் குமிழ் இரண்டு மூன்று முறை ‘டிக்’ என்றதும் நிறுத்திப் படி. மெஷினிலிருந்து சுடச்சுட எடுத்த பீஸை அளக்காதே. நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. எஃகுத் தண்டு 35 டிகிரியில் சுமார் 0.017 மி.மீ. நீண்டிருக்கும். டிராயிங் அனுமதிக்கும் விலகலே 0.02 மி.மீ. என்றால், முக்கால்வாசிக்கு மேல் வெயிலே தின்றுவிடும். கருவியும் பீஸும் ஏசி அறையில் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்திரு.

அடுத்தது கன்ட்ரோல் சார்ட். 1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் ஒரு சிறு குறிப்பில் வரைந்து காட்டியது இது. அளந்தவற்றை வரிசையாகப் புள்ளி வைக்கும் படம்: நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அந்த எல்லைகள் டிராயிங்கிலிருந்து வருவதில்லை; மெஷின் இதுவரை தந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டு வருபவை. மாணவர்கள் பலர் குழம்பும் இடம் இது.

ஓர் உதாரணம்: லேத்தில் 25 மி.மீ. பின் ஓடுகிறது என்று வை. ஒரு பீஸ் 25.006 வருகிறது; எல்லைக்குள்தான். ஆபரேட்டர் உடனே, வெட்டும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் 0.006 குறைக்கிறார். அடுத்தது 24.993. பதறிப்போய்க் கூட்டுகிறார். சும்மா விட்டிருந்தால் அந்த பீஸ் 24.999 வந்திருக்கும். மெஷினுக்கு இயல்பாக உள்ள ஆட்டத்தோடு அவர் கையாட்டமும் சேர்ந்துகொண்டது. புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் மெஷினைத் தொடாதே. வெளியே போனாலோ, தொடர்ந்து ஒரே பக்கம் ஏறினாலோ நிறுத்து. அப்போதும் முதலில் ஆளைத் திட்டாதே: டூல் தேய்ந்ததா, மெட்டீரியல் லாட் மாறியதா, ஃபிக்ஸரில் உலோகச் சீவல் சிக்கியதா என்று தேடு.

கை வைக்கக் கூடாதது இன்னொன்றும் உண்டு. மாதக் கடைசியில் வண்டி வாசலில் நிற்கும்போது, “கொஞ்சம் பாத்துப் போடும்மா” என்பார்கள். எழுதிய அளவை மாற்றாதே. தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் பூசாமல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடு. பீஸை அனுப்புவதா வேண்டாமா என்பதை மேலதிகாரி முடிவு செய்யட்டும். அளவு எவ்வளவு என்பது அவர் முடிவு செய்கிற விஷயம் அல்ல.

அன்புடன்,
மாமா