காமிராவின் கண்ணில் தூசி

கண்ணில் ஒரு சிறு தூசி விழுந்தால் நாம் படும் பாடு யாவரும் அறிந்ததே. காமிராவுக்கும் ஒரு கண் உண்டு. அதில் தூசி விழுந்தால் அது அழுவதில்லை. நாம்தான் அழ நேரிடும். அக்காளின் திருமணப் படங்கள் பலவற்றில் ஒரே இடத்தில் கரும்புள்ளி தெரிந்தால், அந்த நாளைத் திரும்ப அழைக்க இயலுமா? எனவே அக்கண்ணைத் துடைக்கும் முறையை நாம் அறிந்து கொள்வோம்.

பிலிம் காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் வந்து நிற்கும். விழுந்த தூசியும் பிலிமோடு நகர்ந்துவிடும். டிஜிட்டல் காமிராவிலோ, பிலிமின் இடத்தில் சென்சார் என்னும் ஒளியுணரும் சில்லு நிலையாக அமர்ந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் இதற்கு அடிப்படையான சி.சி.டி. சில்லை உருவாக்கினர். அதற்காக 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு டிஜிட்டல் காமிரா ஒன்றை அமைத்தார்.

இன்றைய சென்சாரில் கோடிக்கணக்கான ஒளிப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் அகலம் பல காமிராக்களில் சுமார் 4 மைக்ரான். நம் தலைமயிரின் பருமனோ சுமார் 70 மைக்ரான்! சிறு இழை கூட எத்தனை புள்ளிகளை மறைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தூசி படிவது சில்லின் மீது அன்று. அதன் முன்னுள்ள மெல்லிய கண்ணாடியின் மீதாகும். அக்கண்ணாடியில் கீறல் விழுந்தால் சீர்செய்யப் பெருஞ்செலவாகும்.

முதலில் தூசி உண்டா எனச் சோதிக்க வேண்டும். லென்ஸின் துவாரத்தை எஃப் 16 அல்லது எஃப் 22 அளவுக்குச் சுருக்கி, தெளிந்த வானத்தையோ வெள்ளைத் தாளையோ படம் எடுக்க வேண்டும். லென்ஸை மாற்றி எடுத்தாலும் புள்ளி அதே இடத்தில் நின்றால் தூசி சென்சாரில் உள்ளது. பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்புறத்துப் புள்ளி சென்சாரின் கீழ்ப்புறத்தில் இருக்கும்.

இனி, செய்முறையைக் காண்போம்.

1. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூட வேண்டும். பாட்டரியில் மின்சாரம் நிறைந்திருக்க வேண்டும். கண்ணாடி மடங்கும் வகைக் காமிராவில் பாதியில் மின்சாரம் தீர்ந்தால், ஷட்டர் மூடி, கண்ணாடி கீழே இறங்கி, உள்ளிருக்கும் துடைப்பானில் மோதிச் சேதமடையக்கூடும்.

2. சில காமிராக்கள் சென்சாரின் முன்னுள்ள கண்ணாடியை அதிரச் செய்து தூசியை உதறும். 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 காமிராவிலேயே இவ்வசதி இருந்தது. முதலில் அதை இயக்கிப் பார்க்கலாம்.

3. தூசி போகாவிடில், லென்ஸைக் கழற்றி, காமிராவின் துப்புரவு முறையைத் தேர்ந்து, வாய்ப்புறம் கீழ்நோக்கும்படி பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் காற்றடிக்க வேண்டும். குமிழின் முனை சென்சாரைத் தொடலாகாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பியில் அடைத்த காற்று திரவத்தைக் கக்கக்கூடும். இரண்டும் கூடா.

4. ஒட்டிய தூசிக்கு மட்டும், சென்சாரின் அகலத்துக்கேற்ற துடைப்பானில், அதற்கென விற்கும் திரவத்தை ஓரிரு துளி இட்டு, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். பிறகு துடைப்பானின் மறுபக்கத்தால் ஒருமுறை துடைத்து, அதை எறிந்துவிட வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் சேலைத் தலைப்பும் இதற்கு உதவா.

5. லென்ஸைப் பொருத்தி மீண்டும் சோதனைப் படம் எடுக்க வேண்டும். கறை அகலாவிடில் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

கைப்பேசியையோ லென்ஸ் கழலாத சிறு காமிராவையோ நாமாகத் திறக்கலாகாது.

தோழியரே! துடைப்பதைவிடத் தூசி புகாமல் காப்பதே சிறந்தது. காற்றடிக்கும் இடத்தில் லென்ஸை மாற்றாதீர்கள். மாற்றும்போது காமிராவை அணைத்து, வாய்ப்புறத்தைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். பொறுமையுள்ள கைகளே காமிராவின் கண்ணுக்கு நல்ல இமைகள்!