அழுகை வராத செபத்தில் அன்பு இருக்குமா?

கேள்வி:

சுவாமி, எனக்கு 47 வயது. திருமணம் செய்யவில்லை. தனியார் கல்வி நிலையமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா பாரிசவாதம் வந்து படுத்த பிறகு அதை விட்டுவிட்டு அவவோடுதான் இருக்கிறேன். குளிப்பாட்டித் துடைக்க ஒரு பெண் காலையில் வந்து உதவுகிறா. மற்றபடி இரவு பகல் நான்தான். கோயில் கிட்ட இருப்பதால் காலைப் பூசையைத் தவறவிடுவதில்லை. செபமாலையும் சொல்கிறேன். ஆனால் மனம் காய்ந்து கிடக்கிறது. அயலில் சிலர் சனிக்கிழமைகளில் ஒரு செபக் கூட்டத்துக்குப் போகிறார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் கைகளை உயர்த்தி அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. "உமக்கு ஆண்டவரில் ஆழமான அன்பு இல்லை, அதுதான்" என்று ஒரு அக்கா சொன்னா. அன்றிலிருந்து நித்திரை இல்லை. அம்மாவைப் பார்ப்பதுகூட அன்பினாலா, வேறு ஆள் இல்லாதபடியாலா என்று எனக்கே தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் அண்ணாவோடு எனக்குக் கதை இல்லை. காணி உறுதி விஷயத்தில் வந்த பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடியோவில் வந்தால் ஃபோனை அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். ஆண்டவரில் எனக்கு உண்மையில் அன்பு இருக்கிறதா, எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

– ஒரு வாசகி, இளவாலை

பதில்:

மகள், முதலில் அந்த அக்கா சொன்னதைத் தள்ளி வைத்துவிடுங்கள். அது தவறான தீர்ப்பு. செபக் கூட்டத்தில் கண்ணீர் வந்ததா, வரவில்லையா என்று பார்த்து ஒருவருடைய இறையன்பை அளக்கும் உரிமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் நீங்கள் அவசரமாக எழுதி முடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கும் சோதனை அங்கேதான் நடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அழுகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ராகம் இழுத்து வாசிக்கும்போது, நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக விம்மி அழுதிருக்கிறார்கள். அந்தக் கண்ணீர் ஆண்டவர் தரும் கொடை. வந்தால் வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால் நம்மில் ஏதோ குற்றம் என்று நினைக்கத் தேவையில்லை. பேதுருவைப் பாருங்கள். ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன இரவில் மனம் கசந்து அழுதார். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் அவரைச் சந்தித்தபோது அந்தக் கண்ணீரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தம்மில் அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும், மறுமொழி வந்த கையோடு ஒரு பொறுப்பைக் கொடுத்தார்: தம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் தினமும் அம்மாவுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டி, சிந்தியதைத் துடைக்கிறீர்கள். காலைப் பூசையையும் செபமாலையையும் எழுதிய நீங்கள், இதை ஏன் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை?

மனம் காய்ந்து கிடப்பது உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. கல்கத்தாவின் அன்னை தெரேசா 1997இல் இறந்தார். அவர் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது பலர் திகைத்துப் போனார்கள். ஏறத்தாழ 50 வருடங்கள், செபத்தில் இறைவன் அருகில் இருப்பதை உணராமலே அவர் வாழ்ந்திருக்கிறார். அந்த வருடங்களிலும் விடியுமுன் எழுந்து செபித்தார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி வந்தார். 2016இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவையின் புனித யோவான் இந்த வறட்சியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அசட்டையால் வரும் வறட்சி ஒன்று, இறைவன் ஒரு ஆன்மாவை முதிர்ச்சிக்கு நடத்தும்போது வரும் வறட்சி இன்னொன்று. இரண்டையும் பிரித்தறிய அவர் சொல்லும் அடையாளங்களில் ஒன்று உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. அசட்டையானவனுக்கு இறைவனைப் பற்றிய கவலையே வராது. மற்றவனோ, தான் இறைவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்று வருந்திக்கொண்டே இருப்பான். நித்திரை இல்லாமல் கிடந்து இந்தக் கடிதத்தை எழுதினீர்களே, அதுவே உங்களுக்குச் சாட்சி.

உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத தோலகட்டியில், தோமஸ் அடிகள் 1928இல் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். ஊரில் பலருக்கு அந்த ஆச்சிரமத்தின் வைனும் நெல்லிரசமும் தெரிந்த அளவுக்கு அங்கே வாழ்ந்தவர்களின் செபம் தெரியாது. மௌனம், உழைப்பு, நற்கருணை ஆண்டவர் முன் முழந்தாளிட்டு இருத்தல், இவைதான் அவர்களுடைய நாள். அந்தச் செபத்தையும் யாழ்ப்பாணத்து மண்தான் வளர்த்தது. சத்தமான செபத்தை மட்டும் ஆழமான செபம் என்று எண்ணுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கோயில்கள் கைமாறின. 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும் வரைக்கும், ஏறத்தாழ 30 வருடங்கள், இங்கிருந்த கத்தோலிக்கர்களுக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. மனதை உருக்கும் பாட்டும் கூட்டமும் எங்கே கிடைத்திருக்கும்? ஆனாலும் அவர்கள் வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். வாஸ் அடிகள் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனபோது, அதை அடையாளம் கண்டுகொண்டவர்களைக் கொண்டுதான் தம் மந்தையைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் தங்கி இரவில் பூசை வைத்தார்.

அவர் வந்த புதிதில் நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வயிற்றோட்டத்தால் நடக்கவும் முடியாமல் வழியோரத்தில் விழுந்து கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் குருவானவர் என்று தெரியாது. 2015 ஜனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்துவார் என்று கனவிலும் நினைத்திருக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பிச்சைக்காரனும் அவனுடைய பசியும்தான். கடைசித் தீர்வையைப் பற்றி மத்தேயு எழுதிய பகுதியிலும், பசித்தவருக்கு உணவு கொடுத்த நல்லவர்கள் அது ஆண்டவருக்குக் கொடுத்தது என்று அறியாமல்தானே வியப்போடு கேட்கிறார்கள்.

"வேறு ஆள் இல்லாதபடியாலா?" என்று உங்களையே சந்தேகிக்கிறீர்கள். நல்ல சமாரியனுக்கும் அதே நிலைமைதான். குருவும் லேவியனும் விலகிப் போய்விட்டார்கள், அந்தப் பாதையில் அந்த நேரம் மிஞ்சியது அவன் ஒருவன்தான். அவனுடைய அன்பை ஆண்டவர் அதனால் குறைத்து மதிக்கவில்லை. மனிதர் செய்யும் எந்த நன்மையிலும் கடமை, பழக்கம், பயம், ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம், அன்பு எல்லாம் கலந்துதான் இருக்கும். அவற்றைப் பிரித்து எடுத்து நிறுக்கும் வேலையை ஆண்டவரிடம் விடுங்கள். அவர் நம்மை ஏற்றுக்கொள்வது அருளால்தான். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தில் முதலாவது பேராயராக இருந்த சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது எப்படி விளங்கிக்கொள்ளப்படுகிறது என்று ஒப்பிட்டு 1964இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். சைவச் சூழலில் வாழும் நமக்கு அருள் புதிய செய்தி இல்லை. முதலில் அன்பு செய்தவர் இறைவன், நம்முடைய அன்பு அதற்கு நாம் தரும் பதில். பதில் சிறியதாக இருக்கலாம். அதனால் அவருடைய அன்பு குறையாது.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு நாளும் உள்ளே எட்டி எட்டிப் பார்த்து அன்பை அளக்காதீர்கள். நம் குடாநாட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உவர் நீருக்கு மேலேதான் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். மனச்சாட்சியையும் அப்படி ஓயாமல் இறைத்தால் கடைசியில் கசப்புத்தான் மிஞ்சும்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனை இருக்கிறது. இரவில் அம்மா கண்ணயர்ந்த பிறகு ஐந்து நிமிடம் போதும். முதலில் அன்றைக்குக் கிடைத்த நன்மைகளுக்காக நன்றி சொல்லுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிட்டு நேரே பாவப் பட்டியலுக்குப் போகிறார்கள். பிறகு அந்த நாளை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு உருகினேன் என்று தேடவேண்டாம். எந்த இடத்தில் மனம் கல்லானது, யாருக்கு முன்னால் கதவைச் சாத்தினேன் என்று பாருங்கள். நேர்த்தி வைத்துக் கேட்டது கிடைக்காமல் போனாலும் நாளைக்குக் காலை அவரிடம் போவேனா என்றும் கேளுங்கள். விசாவுக்கும் சுகத்துக்கும் பாஷையூர் அந்தோனியாரிடமும் மடு மாதாவிடமும் நாம் கேட்பதில் பிழை இல்லை. பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் அவரோடு இருக்க விருப்பம் இருந்தால், அது அன்புதான்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். காலையில் உதவிக்கு வரும் அந்தப் பெண்ணுக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கிறீர்கள்? வீட்டில் எல்லோரும் குடிக்கும் கோப்பையிலா, அவருக்கென்று ஒதுக்கி வைத்ததிலா? அவர் எங்கே இருந்து குடிக்கிறார்? மனம் நோகாதீர்கள். நம் ஊரில் இறையன்பைச் சோதிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணக் கல்லூரியில் ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் மாணவர் காங்கிரஸைத் தொடங்கி, சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிட்டுக் காட்டினார்கள். அந்தப் பத்தாண்டு முடியும் வேளையில், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. பாடசாலைகளுக்கு நெருப்பு வைக்கும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது. ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் கிறிஸ்தவர்களாகிய நாமும் கோயில் வாங்குகளிலும் கல்யாணப் பேச்சிலும் சாதியை வைத்திருந்தோம். இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. தவக்காலத்தில் கண்ணீர் விட்டவர்களும் அதைச் செய்தார்கள். அதனால்தான் கண்ணீரை அளவுகோலாக வைக்க நான் மறுக்கிறேன்.

அடுத்தது அண்ணா. கண்ணால் காணும் சகோதரனில் அன்பு இல்லாதவன், காணாத கடவுளில் அன்பு வைக்க முடியாது என்பது யோவானின் முதலாம் திருமுகம் சொல்லும் கருத்து. அதில் தப்பிச் செல்லும் வழி எதையும் அவர் விடவில்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்குச் சகோதரனோடு மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகட்டும் என்று ஆண்டவரும் கற்பித்தார். தினமும் பூசைக்குப் போகும் உங்களுக்கு இதை நான் சொல்லாமல் விட்டால் என் பணியில் குறைவு வைத்தவனாவேன். செபத்தில் வரும் வறட்சிக்கும் இந்தக் கோபத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். இருக்கிறதா என்று நீங்கள் ஆண்டவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மன்னிப்பது என்றால் உங்களுக்கு நியாயமாக உரிய காணியை எழுதிக் கொடுத்துவிடுவது என்று பொருள் இல்லை. வலிகாமம் வடக்கில் எத்தனை குடும்பங்களில் இதே கதை! இடம்பெயர்ந்து ஓடியதில் உறுதிகள் தொலைந்தன, எல்லை வேலிகள் அழிந்தன, பிள்ளைகள் நாலு நாடுகளில் சிதறினார்கள், திரும்பி வந்து பார்க்கும்போது கூடப்பிறந்தவர்களே எதிராளிகள் ஆகியிருந்தார்கள். உறுதி விஷயத்தை நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள், மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். அது அதன் பாதையில் நடக்கட்டும். அண்ணா பேசும்போது நீங்கள் அறையைவிட்டுப் போகாமல் நிற்பது வேறு பாதை. அம்மா இன்று சாப்பிட்டா, நேற்று இரவு நன்றாக நித்திரை கொண்டா என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். மனதில் பாசம் ஊறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காணிக் கதையை அவர் எடுத்தால், அதை இப்போது வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லலாம். அம்மாவின் செலவிலும் பராமரிப்பிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும், கோபமில்லாத ஒரு நாளில், அவரிடம் தெளிவாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக உங்கள் உடம்பைப் பற்றி. இரவு பகலாக நோயாளியைப் பார்ப்பவர் களைத்துப்போவார். களைத்த உடம்பு செபத்தில் சோர்வதைப் பாவம் என்று எண்ண வேண்டாம். நித்திரையின்மை தொடர்ந்தால், எதிலும் மனம் பற்றாமல் போனால், வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. வாரத்தில் ஒரு பின்னேரமாவது அம்மாவைப் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவரையோ பங்கில் ஒருவரையோ ஒழுங்கு செய்யுங்கள். பங்குத்தந்தையிடம் கேட்டு, மாத முதல் வெள்ளிக்கிழமை நோயாளருக்குக் கொண்டுவரும் நற்கருணை உங்கள் வீட்டுக்கும் வர வழி செய்யுங்கள். சுவாமி வரும்போது அம்மாவின் கட்டிலருகே உங்களுக்கும் ஒரு கதிரை போட்டு, நீங்களும் இருந்து வாங்குங்கள்.