கராம்பும் வரிப் பத்திரமும்

"கனடாவில் வைத்தியம் இலவசம்" என்று ஊருக்குக் கடிதம் எழுதாதவர், எண்பதுகளில் ரொறன்ரோவின் செர்போர்ன் வீதிக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் இடையே உயர்ந்து நிற்கும் சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடங்களில் வந்து குடியேறிய நம்மவருள் அரிதாகவே இருந்திருப்பர். அது பொய்யன்று, எனினும் பாதி மெய்யே.

சஸ்காச்சுவானில் 1962ஆம் ஆண்டு வைத்தியர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தும் நிலைபெற்று, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால் 1972க்குள் தேசமெங்கும் பரவிய அந்த ஏற்பாடு, வைத்தியரையும் வைத்தியசாலையையும் பொறுப்பேற்றதேயன்றி, பல்லையும் மருந்துச்சீட்டையும் பெரும்பாலும் அவரவர் பணப்பைக்கே விட்டுவிட்டது. பல் மட்டும் சரீரத்தின் அவயவமல்ல என்று தீர்மானித்த மகானுபாவர் யாரோ!

இதன் விபரீதத்தை, மாடிக்கு மாடி நின்று ஏறும் எங்கள் எலிவேற்றரில் ஒருநாள் கண்டேன். கன்னம் வீங்கி, கடைவாயில் கராம்பை அடக்கிக்கொண்டு நின்ற ஒரு சகோதரி, முந்திய இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் விடியுமட்டும் காத்திருந்ததாகவும், டொக்டர் ஒரு சதமும் வாங்காமல் வலிமாத்திரைக்குச் சீட்டெழுதித் தந்து, பல்லுக்குப் பல் வைத்தியரிடமே போகச் சொன்னதாகவும் கூறினாள்.

"பல்லுக்குக் குடுக்கிற காட் வயசுபோனவைக்குத்தானே, அண்ணை?"

மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிய அந்த அபிப்பிராயம் 2024இல் ஓரளவு சரி. 2025 மே மாதத்திலிருந்து 18 முதல் 64 வயதுவரை உள்ளோரும் விண்ணப்பிக்கலாம். வெல்ஃபெயர் எடுப்பவருக்கே உரியதென்பதும் பிழை: குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாகவும், வேலையிடத்துப் பல் காப்புறுதி இல்லாமலும் இருத்தல் வேண்டும். 70,000க்குக் கீழாயின் பங்குக் கட்டணமில்லை. ஆயினும் பல் வைத்தியரின் கட்டணம் அரசு வகுத்ததை மிஞ்சினால் மிச்சம் நம் தலையில் விழுமாதலால், கதிரையில் சாயுமுன் கேட்டுக்கொள்வது விவேகம்.

மருந்துக்கும், வேலை செய்தும் செலவைத் தாங்கமாட்டாதவருக்கு ஒன்ராறியோவில் ட்ரில்லியம் திட்டம் உண்டு. வருமானத்தில் ஏறக்குறைய 4 வீதத்தை முதலில் நாம் செலவிட்டபின், சீட்டொன்றுக்கு 2 டொலருக்கு மேல் கேளார். மாகாண வைத்தியக் காப்புறுதியான ஓஹிப்பின் காட் இல்லாதவரை எவரும் பாரார் என்பதும் தவறு. சமூக சுகாதார நிலையங்கள் அவர்களையும் ஏற்கின்றன.

"நான் ரக்ஸ் செய்தனான். இவருக்கு வேலையில்லை, எதைச் செய்யிறது?" என்றாள்.

இங்கேதான் முடிச்சு. கணவன், மனைவி இருவரும் வரிப் பத்திரம் அனுப்பியிருந்தாலன்றி அந்தப் பல் காட் கிடையாது.

கதவு திறந்தது, அவள் அதைக் கையால் தடுத்து நின்றாள்.

"சைபர் எண்டாலுமோ?"

"சைபர் எண்டாலும் செய்யவேணும், தங்கச்சி."