பள்ளிவாசலில் தொங்கிய பேரீச்சங்குலை
(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம் – அவனியாபுரம், மதுரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



ரமளானில் அஸர் தொழுது வெளியே வந்தால், நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்பவர்களைப் பார்க்கிறோம். மாற்று மதச் சகோதரிகளும் பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஷவ்வால் பிறை தெரிந்ததும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து விடுகிறோம். மீதி பதினோரு மாதமும் பசி வராதா?

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பசித்தவர்களுக்கு உணவு இருந்தது. பேரீச்சந்தோட்டம் வைத்திருந்த அன்சாரிகள் தங்கள் விளைச்சலுக்கு ஏற்ப ஒரு குலையோ இரண்டு குலையோ கொண்டு வந்து பள்ளியில் தொங்க விடுவார்கள். வீடு வாசல் இல்லாத திண்ணைத் தோழர்கள் பசித்தால் கைத்தடியால் தட்டுவார்கள். விழுவதை எடுத்து உண்பார்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அங்கேயும் சிலர் சொத்தைப் பழக் குலையையும், உடைந்த குலையையும் கொண்டு வந்து மாட்டினார்கள். அப்போதுதான் அல்பகராவின் 267-வது வசனம் இறங்கியது. நமக்கு ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற பொருளைத் தேடிப் பிடித்து தர்மம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் கண்டித்தான். அதன் பிறகு தம்மிடம் உள்ளதில் நல்லதையே கொண்டு வந்தோம் என்கிறார் பராஉ (ரலி) அவர்கள் (திர்மிதி).

சகோதரர்களே, வண்டு விழுந்த அரிசியும், தேதி முடிந்த மாவு பாக்கெட்டும், வலீமாவில் மிஞ்சி இரவு வரை கிடந்த பிரியாணியும் நாம் மாட்டும் சொத்தைக் குலைகள் இல்லையா?

இன்னொன்று: தடியால் தட்டி உண்டவரை யாரும் நிறுத்தி வைத்துக் காட்சிப்படுத்தவில்லை. இன்று ஐந்து கிலோ அரிசிப் பையை ஆறு பேர் பிடித்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:264).

சேர்த்துப் பங்கிடும் முறையும் மார்க்கத்தில் உண்டு. அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்துவிட்டால் தங்களிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து கொள்வார்கள். அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் (புகாரி).

நம் ஊருக்கு வருவோம். 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளி நாட்களில் பிள்ளைகள் சாப்பிட்டு விடுகிறார்கள். பள்ளிக்கு விடுமுறை உண்டு. வயிற்றுக்கு விடுமுறை இல்லை. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. மழையால் வேலை நின்ற கொத்தனார் வீட்டில் அந்த அரிசியோடு சேர்க்கப் பருப்பும் எண்ணெயும் காய்கறியும் வேண்டாமா? வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவரிடம் இங்கே குடும்ப அட்டையே இல்லாமல் இருக்கலாம்.

எனவே பள்ளிவாசலில் ஒரு பெட்டி வைப்போம். வீட்டுக்கு மாதச் சாமான் வாங்கும்போது ஒரு கிலோ பருப்போ ஒரு லிட்டர் எண்ணெயோ கூடுதலாக வாங்கிப் போடுங்கள். நீங்கள் சமைக்கும் அதே தரத்தில் இருக்கட்டும். கொண்டு போய்க் கொடுப்பவர் இருட்டிய பிறகு, பெயர் வெளியே தெரியாமல் கொடுக்கட்டும்.

ஜகாத்தை இந்தப் பெட்டியில் கலக்காதீர்கள். அதற்குரிய எட்டுப் பிரிவினரை அல்லாஹ்வே வரையறுத்து விட்டான் (9:60). அதைத் தனியாகக் கணக்கிட்டுக் கொடுங்கள். இது ஸதகா. அண்டை வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் இதில் பங்கு உண்டு. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் (திர்மிதி).

இன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது, நம் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நல்லதைக் கொடுக்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஆகிறு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.