கோழித் தீனியிற் கலந்த மருந்து மனிதரை அடையும் வழி

நெல் வயலும் மரக்கறித் தோட்டமும் உடைய கமக்காரர் பலர் வீட்டோடு கோழிகளையும் வளர்த்து வருகின்றனர். கோழி எரு கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளுக்கு நல்ல பசளையாகும். கோழிக்குக் கொடுக்கும் மருந்து கோழியோடு நின்றுவிடும் என்றே பெரும்பாலோர் எண்ணுவர். அவ்வாறு நிற்பதில்லை என்பதை அமெரிக்கப் பண்ணையொன்றிற் செய்யப்பட்ட ஆராய்ச்சி காட்டியது.

ஆராய்ச்சி

கோழிகள் விரைவில் வளரும்பொருட்டு, நோயில்லாதபோதும் தீனியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிறிதளவு கலக்கும் வழக்கம் 1950ஆம் ஆண்டளவில் மேல்நாடுகளிற் பரவியது. அதன் விளைவை அறிய, பொஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து வைத்திய ஆராய்ச்சியாளர் ஸ்டுவர்ட் லெவி 300 கோழிக்குஞ்சுகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பாதிக் குஞ்சுகளுக்குச் சாதாரண தீனியும், மறுபாதிக்கு டெட்ராசைக்கிளின் வகை மருந்து கலந்த தீனியும் கொடுக்கப்பட்டன. முடிவுகள் 1976ஆம் ஆண்டில் வெளியாயின.

மருந்துத் தீனி உண்ட குஞ்சுகளின் குடலில், ஒரு வாரத்துள், அம்மருந்துக்கு மடியாத பற்றீரியாக்களே ஏறக்குறைய முழுவதும் நிறைந்துவிட்டன. பின்னர் பண்ணையில் வாழ்ந்த குடும்பத்தாரிடமும் அத்தகைய பற்றீரியாக்கள் பெருகின. மருந்து கலந்தது கோழிகளின் தீனியில். அவர்களின் உணவில் அன்று. ஐந்தாறு மாதங்களுள், பண்ணையாரிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளுள் நூற்றுக்கு 31 வீதமானவற்றில், மருந்துக்கு மடியாத பற்றீரியாக்கள் 80 வீதத்துக்கு மேலாக இருந்தன. அயல் வீட்டாரின் மாதிரிகளில் அந்நிலை நூற்றுக்கு 7 வீதமே. மேலும், தீனியிற் சேராத வேறு மருந்துகளையும் சில பற்றீரியாக்கள் எதிர்த்து நின்றன.

எதிர்ப்பு உண்டாகும் விதம்

ஒரே களைகொல்லியை ஆண்டுதோறும் தெளித்த வயலை நினைத்துப் பாருங்கள். மடியாத சில களைகள் மிஞ்சி, விதை சிந்தி, சில போகங்களில் வயலை மூடிவிடும். பற்றீரியாக்களும் இவ்வாறே பெருகுகின்றன. அன்றியும், ஒரு பற்றீரியா தன் எதிர்ப்புத் தன்மையை அருகிலுள்ள பிறிதொன்றுக்கு வழங்கவும் வல்லது. குடலிலுள்ள இப்பற்றீரியாக்கள் ஒருகால் சிறுநீர் வழியிலோ குருதியிலோ புகுமாயின், வைத்தியர் கொடுக்கும் மருந்து பயன்படாது போகலாம். நோயாளியின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. மருந்துத் தீனியை நிறுத்திய சில மாதங்களின் பின், பண்ணையார் பெரும்பாலோரிடம் அப்பற்றீரியாக்கள் காணப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் வளர்ச்சிக்காகத் தீனியில் இம்மருந்துகளைச் சேர்ப்பதை 2006ஆம் ஆண்டு தொடக்கம் தடை செய்தது.

நீங்கள் கைக்கொள்ள வேண்டியவை

1. கோழிகள் நன்கு வளரவேண்டும் என்பதற்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடாதீர்கள். உலர்ந்த கூளம், சுத்தமான நீர், காற்றோட்டம், உரிய காலத்தில் தடுப்பு மருந்து ஆகியவையே நோயைத் தடுக்கும்.

2. கோழிகள் நோயுற்றால் மிருக வைத்தியரை நாடுங்கள். அவர் கூறிய அளவையும் நாட்களையும் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். அவர் குறித்த காலம் கழியும்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ கூடாது.

3. வீட்டில் எஞ்சிய குளிசைகளைக் கோழியின் தண்ணீரிலோ, பயிருக்குத் தெளிக்கும் கரைசலிலோ கலவாதீர்கள்.

4. புதிய கோழி எருவை மரக்கறிப் பாத்தியில் இடாதீர்கள். வைக்கோல், இலைகுழை என்பவற்றோடு குவித்து, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிக் கூட்டெருவாக்குங்கள். குவியலின் உள்ளே எழும் வெப்பம் தீய பற்றீரியாக்களிற் பெரும்பாலானவற்றை அழிக்கும். ஆயினும் முற்றாக அழிந்தன என எண்ணலாகாது. அமெரிக்க இயற்கை விவசாய விதிகளின்படி, மண்ணில் தொடும் விளைபொருளுக்குப் பச்சை எருவை இட்டால், இட்ட நாளுக்கும் அறுவடைக்கும் இடையில் 120 நாட்களேனும் கழிதல் வேண்டும். எமது கீரையோ சில கிழமைகளில் அறுவடையாவது. ஆகவே அதற்கு நன்கு மக்கிய எருவே தகும்.

5. கோழிக் கூட்டிலும் எருக் குவியலிலும் வேலை செய்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். பச்சையாக உண்ணும் மரக்கறிகளைச் சுத்தமான நீரில் நன்கு கழுவுங்கள்.

கூட்டெரு தயாரிக்கும் முறையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளலாம். கோழிக்கு இன்று தேவையின்றிக் கொடுக்கும் மருந்து, நாளை உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படும்போது பலனற்றுப் போகலாம். ஆதலின் மருந்தை நோய்க்கு மாத்திரமே பயன்படுத்துங்கள்.