ஆபீஸ் கொடுத்த போனில் உளவு பார்க்கலாமா?

கேள்வி: புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். கோலியனூர், வளவனூர் பக்கத்து மகளிர் குழுக்களிடம் தவணை வசூலிப்பது என் வேலை. சேர்ந்தபோதே கம்பெனி ஒரு ஸ்மார்ட்போன் கொடுத்தது. வருகைப் பதிவு ஆப் இருக்கும், வேலை நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது அதில் தெரியும் என்றார்கள், சம்மதித்தேன். என் சொந்த நம்பரின் வாட்ஸ்அப்பையும் அதே போனில்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் மேலாளர், "நேத்து திண்டிவனத்துல என்ன வேலை?" என்று கேட்டார். தோழிக்கு நான் அனுப்பிய மெசேஜில் இருந்ததையும் அப்படியே சொன்னார். போனை ஃபார்மேட் அடித்துவிடச் சொல்கிறான் தம்பி. கம்பெனி போன் என்பதால் அவர்களுக்கு இந்த உரிமை உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோலியனூர்

பதில்: சகோதரி, முதலில் ஒன்று: ஃபார்மேட் அடிக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த போன்தான். மேலும், அது கம்பெனியின் சொத்து. அதிலுள்ள தகவலை அனுமதியின்றி அழித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவைக் காட்டி உங்கள் மீதே பழியைத் திருப்பிவிட முடியும்.

இனி உரிமைக்கு வருவோம். போன் கம்பெனியுடையது, அதில் அலுவலக ஆப் போடவும், சொல்லிவிட்டு வேலை நேரத்தில் இருப்பிடத்தைப் பார்க்கவும் அவர்களுக்கு இடமுண்டு. நீங்கள் சம்மதித்தது அவ்வளவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள், தோழிக்கு என்ன எழுதினீர்கள் என்பதெல்லாம் அந்தச் சம்மதத்துக்குள் வராது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு தனியார் நிறுவன நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க 2011-இல் மத்திய உள்துறை போட்ட உத்தரவை ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்றாலும் ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். அரசாங்கத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், ஒரு கிளை மேலாளருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

ஆனால் அடிப்படை உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. தனியார் கம்பெனி மீது நடவடிக்கை எடுக்க உங்களுக்குக் கைகொடுப்பவை வேறு சட்டங்கள்:

பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 78: ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் அல்லது வேறு மின்னணுத் தொடர்புப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பது பின்தொடர்தல் குற்றம். முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறை, மறுமுறை ஐந்து ஆண்டு வரை. 'சூழ்நிலைக்கு நியாயமான செயல்' என்ற விதிவிலக்கை மேலாளர் தரப்பு கேட்கலாம். வேலைக்குச் சம்பந்தமில்லாத தோழியின் மெசேஜைப் படித்ததற்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66, 66சி: உங்கள் வாட்ஸ்அப் கணக்கு கம்பெனி சொத்து அல்ல. உங்களுக்குத் தெரியாமல் அதை வேறு கருவியில் இணைத்திருந்தாலோ, கடவுச்சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மூன்று ஆண்டு வரை தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஐயும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குச் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த அது நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசமும் உண்டு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. வீட்டில் வேறொருவர் போனை வாங்கி, அதன் கேமராவில் கம்பெனி போனின் திரையைப் படமெடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அது அதே போனில் சேரும், உளவு பார்ப்பவர் கண்ணிலும் படலாம். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தைத் திறங்கள். நீங்கள் இணைக்காத கணினி ஏதாவது அங்கே இருந்தால், கடைசியாக இயங்கிய நேரம் தெரியும்படி எடுங்கள். பிறகு செட்டிங்ஸில் லொகேஷன், மைக், அணுகல்தன்மை அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது, 'சாதன நிர்வாகி' பட்டியலில் எது இருக்கிறது என்று பாருங்கள். முறையான அலுவலக மேலாண்மை என்றால், இந்தச் சாதனத்தை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற அறிவிப்பு பெரும்பாலும் செட்டிங்ஸிலேயே இருக்கும். பெயரோ ஐகானோ காட்டாமல் ஒளிந்திருக்கும் ஆப்தான் சந்தேகத்துக்குரியது. படமெடுத்து முடித்த பிறகே, வாட்ஸ்அப்பில் நீங்கள் இணைக்காத கணினியின் இணைப்பைத் துண்டியுங்கள்.

மேலாளர் கேட்டது என்ன, எந்தத் தேதியில், அப்போது யார் உடனிருந்தார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். வக்கீலிடம் பேசுவதும், புகார் தட்டச்சு செய்வதும் அந்த போனில் கூடவே கூடாது. படங்களை எடுத்த போனையும் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். எந்த உளவு ஆப் என்று நீங்களே முடிவுகட்டிப் பெயர் போட வேண்டாம். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் தீங்கு மென்பொருள் இருப்பதாகச் சொன்னது. அது பெகாசஸ்தான் என்று அந்தக் குழுவாலேயே உறுதிசெய்ய முடியவில்லை. எந்த ஆப் என்று சொல்ல வேண்டியது தடயவியல் ஆய்வகம்.

புகாரை விழுப்புரம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுத்து, மனு ரசீது வாங்குங்கள். "கம்பெனி புதுச்சேரியில் இருக்கிறது, அங்கே போங்கள்" என்று திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173. அப்படியும் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். நஷ்டஈடு கேட்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு அதிகாரி தனியாக இருக்கிறார். மேலாளரின் பேச்சில் பாலியல் தொனி இருந்தால், மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

வக்கீல் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு வேறொரு போனிலிருந்து அழையுங்கள்.

வேலையை விடாமலே இதையெல்லாம் செய்யலாம். புகார் கொடுத்த கையோடு, எந்தத் தகவலை, எந்த நேரத்தில், யார் பார்க்கிறார்கள் என்று தலைமை அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சொந்த நம்பரையும் வாட்ஸ்அப்பையும், விலை குறைந்ததானாலும் உங்கள் சொந்த போனுக்கு மாற்றிவிடுங்கள். கம்பெனி போனில் கம்பெனி வேலை மட்டும் இருக்கட்டும். அதைக் கொடுத்தவர்களிடம் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியது வேலை நேரத்துக்கு மட்டும்தான்.