சட்டத்துட் புகுந்த ஒரு சொல்

1925ஆம் ஆண்டில் யப்பானியப் பாராளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, 25 வயது நிரம்பிய ஆடவர்க்கு, அவர் இறுக்கும் வரியை நோக்காது வாக்குரிமை வழங்கிற்று. வாக்காளர் தொகை ஏறத்தாழ 30 இலட்சத்திலிருந்து 120 இலட்சத்துக்கு உயர்ந்தது. மற்றையது அமைதிகாப்புச் சட்டம். உருசியப் புரட்சியின் கொள்கைகள் பரவுமென்னும் அச்சம் அதனைப் பிறப்பித்தது. வாயிலைத் திறந்தவரே காவலனையும் நிறுத்தினர்.

இச்சட்டத்தின் உயிர்நிலை 'கொக்குத்தாய்' என்னும் சொல்லாகும். 'கொக்கு' என்பது நாடு. 'தாய்' என்பது உடல். (மாணவர் நகைக்க வேண்டா; அயன்மொழிச் சொற்கள் இவை.) வழக்கிலே அது, அறாது தொடரும் அரச மரபின்கீழ் அமைந்த நாட்டியல்பு என்னும் பெருமிதப் பொருளைப் பெற்றிருந்தது. இதனை மாற்றவோ தனியார் சொத்துரிமையை மறுக்கவோ சங்கம் அமைப்பவரும், அறிந்து அதிற் சேர்பவரும் 10 ஆண்டு வரை சிறைப்படுவர். மசோதாவில் 'அரசாங்க முறை' என்னும் சொல்லும் இருந்தது. பாராளுமன்றச் சீர்திருத்தம் பேசுவோரும் குற்றவாளிகளாவரென அஞ்சிய உறுப்பினர் அதனை நீக்குவித்தனர். ஓரளவேனும் வரையறையுடைய சொல் நீங்க, வரையறையற்ற சொல் நிலைத்தது. தீமை ஈண்டே புகுந்தது என்பது எம் துணிபு.

1928 மார்ச் 15ஆம் நாள் ஏறத்தாழ 1,600 பேர் கைதாயினர். மரண தண்டனையைச் சேர்க்கும் திருத்தம் பாராளுமன்றில் நிறைவேறாதொழியவே, அவ்வாண்டு யூன் மாதம் அது பேரரசரின் அவசர கட்டளையாக வெளிவந்தது. 1929 மார்ச் 5ஆம் நாள் கீழ்ச்சபை அதற்கு இசைந்தது. எதிர்த்து நின்ற உறுப்பினர் யாமமோட்டோ செஞ்சி அன்றிரவே தாம் தங்கிய விடுதியிற் குத்திக் கொல்லப்பட்டார். 1928ஆம் ஆண்டுக் கைதுகளையும் சித்திரவதையையும் கதையாக வடித்த கொபயாசி தக்கிசி, 1933 பெப்ருவரி 20ஆம் நாள் பிடிபட்டு அன்றே பொலிசார் கையில் இறந்தார். இருதயம் நின்றதென்றனர் பொலிசார். உடலிலோ அடித்த தழும்புகள் மலிந்திருந்தன.

இதனினும் நுட்பமானது 'தெங்கோ', அதாவது திசைதிரும்பல். சிறைப்பட்டோர் தம் கொள்கையைத் துறந்தமைக்குக் காரணங்காட்டி எழுதிக் கொடுத்தல் வேண்டும். 1933இல் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களான சானோ மனாபு, நபெயாமா சதச்சிக்கா இருவரும் சிறையிலிருந்தே கொள்கை துறந்தனர், பின்பற்றினோர் பலர். இச்சட்டத்தின்கீழ்க் கைதானோர் 60,000 பேருக்கும் அதிகம். வழக்குத் தொடரப்பட்டோர் அவருட் சிறு பகுதியினரே. தண்டிப்பதிலும் மனத்தைத் திருப்புவதிலேயே அரசு நாட்டங் கொண்டது. கட்டுரை திருத்துந் தொழிலினேமாகிய எமக்கு, அவ்வெழுத்துக்களைப் படித்து மனமாற்றம் மெய்யோ பொய்யோவென மதிப்பிட்டோரை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. மாற்றம் போதாதெனக் கருதப்பட்டவரைத் தண்டனைக்காலம் முடிந்த பின்னும் தடுத்துவைக்க 1941ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது.

பொதுவுடைமையாளர்க்கென வந்த சட்டம் 1935இல் ஓமோட்டோ என்னும் சமயத்தவர் மீதும் பாய்ந்தது. அவர்தம் ஆலயங்கள் தகர்க்கப்பட்டன. பின்னர்ப் பத்திரிகையாசிரியரும் அறிஞரும் அகப்பட்டனர்.

1945 ஓகஸ்டில் யப்பான் சரணடைந்த பின்னரும் சிறைக்கதவுகள் திறக்கவில்லை. மெய்யியலறிஞர் மிக்கி கியோசி செப்டெம்பர் 26ஆம் நாள் சிறையில் நோயுற்று மாண்டார். ஒக்டோபரிற் சட்டம் நீக்கப்பட்டது, அதுவும் வெற்றிகொண்ட நேசப்படைத் தலைமையகத்தின் கட்டளையால்.